கரை தெரிந்தது, கதவு திறக்கவில்லை



வீட்டில் ஒருவர் வெளிநாடு புறப்படுகிறார் என்றால் எத்தனை ஆயத்தங்கள்! பெட்டி கட்டுகிறோம். பலகாரம் சுடுகிறோம். உறவினர் வீடுகளுக்குச் சென்று பயணம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால், அவர் திரும்பி வருவதைப் பற்றி அவ்வளவாக யோசிப்பதில்லை. டிக்கட் இருக்கிறது, திகதி குறித்தாயிற்று, வந்துவிடுவார் என்று இருந்துவிடுகிறோம்.

புறப்படுவது பயணியின் கையில் இருக்கலாம். வீடு வந்து சேர்வதோ கரையில் இருப்பவர்களின் கையிலும் தங்கியிருக்கிறது. 2020ஆம் ஆண்டில் இந்த உண்மையை உலகத்துக்கு உணர்த்தியவை வறியவர்களின் தோணிகளல்ல. நீச்சல் தடாகமும் இசை மண்டபமும் பத்து வகைச் சாப்பாடும் கொண்ட உல்லாசப் பிரயாணக் கப்பல்களே அவை.

அத்தகைய கப்பல் ஒரு மிதக்கும் நகரம். இரண்டாயிரம், மூவாயிரம் பேர் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கி நாடு நாடாகப் போகிறார்கள். பயணிகளில் பலர் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர்கள். ஆயுள் முழுவதும் சேமித்த காசில் ஒரு தடவையாவது உலகைப் பார்த்துவிட வேண்டும் என்று புறப்பட்டவர்களும் அவர்களுள் உண்டு.

யொகோஹாமாவில் நின்ற கப்பல்

'டயமண்ட் பிரின்சஸ்' என்ற கப்பல் 2020 ஜனவரி 20ஆம் திகதி ஜப்பானின் யொகோஹாமா துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. ஹொங்கொங், வியட்நாம், தாய்வான் என்று சுற்றிவிட்டுப் பெப்ரவரி 3ஆம் திகதி அதே துறைமுகத்துக்குத் திரும்பியது. இடையில் ஹொங்கொங்கில் இறங்கிய ஒரு பயணிக்குக் கொரோனா நோய் இருந்தது தெரிய வந்திருந்தது. பயணிகளும் பணியாளர்களுமாகக் கப்பலில் 3,711 பேர். பெட்டிகளைக் கட்டி வைத்துவிட்டு வீடு போகக் காத்திருந்தவர்களிடம், அவரவர் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது.

பல அறைகளுக்கு ஜன்னல் கிடையாது. முறை வைத்துச் சிறிது நேரம் மேல்தளத்தில் நடக்க மட்டும் அனுமதி. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தினமும் மாத்திரை எடுக்கும் முதியவர்கள், பயணம் முடியும் நாள்வரை கணக்கிட்டே மருந்து கொண்டு வந்திருந்தார்கள். அது தீரத் தொடங்கியது. மருந்து போதவில்லை என்று துணியில் எழுதிக் கப்பலின் விளிம்பில் தொங்கவிட்டார்கள் சிலர். கரையோ கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அறைக்குள் இருந்தவர்களுக்கு வேளா வேளைக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் யார்? கப்பல் பணியாளர்கள். பயணிகள் தனித்தனி அறைகளில் இருக்க, இவர்கள் ஒரே அறையைப் பகிர்ந்து உறங்கினார்கள். ஒரே கூடத்தில் உண்டார்கள். நோய் இவர்களுக்குள்ளும் பரவியது. ஈற்றில் அக்கப்பலில் 712 பேருக்கு நோய் தொற்றியது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இந்தியா தன் பிரஜைகள் 119 பேரை அழைத்துச் செல்லப் பெப்ரவரி இறுதியில் விமானம் அனுப்பியது. அதில் இலங்கை உட்பட வேறு நாடுகளைச் சேர்ந்த ஐந்து பேருக்கும் இடம் கொடுத்தது. கப்பலின் கப்டன் மார்ச் 1ஆம் திகதி, எல்லோரும் இறங்கிய பின் கடைசி ஆளாக இறங்கினார்.

துறைமுகம் துறைமுகமாக

'வெஸ்டர்டாம்' என்ற மற்றொரு கப்பல் பெப்ரவரி 1ஆம் திகதி ஹொங்கொங்கிலிருந்து புறப்பட்டது. அதில் நோயாளி இருப்பதாக எவரும் கண்டறியவில்லை. ஆயினும் பிலிப்பைன்ஸ், தாய்வான், ஜப்பான், அமெரிக்காவின் குவாம் தீவு, தாய்லாந்து என ஒவ்வொரு வாசலாகக் கையை விரித்தன. ஈற்றில் கம்போடியா இடம் கொடுத்தது. அந்நாட்டின் அன்றைய பிரதமர் ஹுன் சென் துறைமுகத்துக்கே வந்து, பயணிகளுக்குப் பூக் கொடுத்து வரவேற்றார்.

அது பெருந்தன்மைதான். எனினும் முகக்கவசமின்றிக் கைகுலுக்கியும் கட்டியணைத்தும் நடந்த வரவேற்பு அது. அடுத்த நாட்களில், மலேசியா வழியாக நாடு திரும்பிய ஒரு மூதாட்டிக்கு நோய் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. எஞ்சியிருந்த பயணிகளின் பயணம் மீண்டும் தடைப்பட்டது. அந்த மூதாட்டிக்கு நோய் இருக்கவில்லை என்று பின்னர் தெரியவந்தது. அதற்கிடையில் எத்தனை குடும்பங்கள் எத்தனை இரவுகள் தூக்கமின்றி இருந்திருக்கும்!

இவற்றிலும் துயரமானது 'சான்டாம்' கப்பலின் கதை. மார்ச் 7ஆம் திகதி ஆர்ஜன்டீனாவின் புவனஸ் அயர்சிலிருந்து புறப்பட்ட அது, இரண்டு வாரத்தில் சிலியில் பயணிகளை இறக்க வேண்டும். அதற்குள் துறைமுகங்கள் மூடப்பட்டன. கப்பலுக்குள் காய்ச்சல் பரவியது. நான்கு பேர் நடுவழியிலேயே உயிரிழந்தனர். பனாமா கால்வாயைக் கடக்கவும் முதலில் அனுமதி கிடைக்கவில்லை, பிறகுதான் கிடைத்தது. ஏப்ரல் 2ஆம் திகதி அமெரிக்காவின் புளோரிடாவில் இடம் கிடைத்தபோது, முடிவடைய வேண்டிய நாள் கடந்து பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன.

கரையில் இருப்போரின் உரிமை

இங்கே நாம் நீதமாக யோசிக்க வேண்டும். கதவை மூடியவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்களா? கரையிலும் முதியவர்கள் இருக்கிறார்கள், கைக்குழந்தைகள் இருக்கிறார்கள். ஒரு சிறிய துறைமுக நகரின் வைத்தியசாலையில் எத்தனை கட்டில்கள் இருக்கும்? கப்பலில் உள்ளவருக்கு வீடு திரும்பும் உரிமை உண்டு. ஊரில் உள்ளவருக்கும் நோயின்றி வாழும் உரிமை உண்டு.

இந்தச் சிக்கல் புதிதல்ல. இன்று குரோஷியாவில் டுப்ரோவ்னிக் என்று அழைக்கப்படும் ரகூசா நகரம், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாட்கள் விலகித் தங்கியிருக்க வேண்டும் என்று 1377இல் சட்டம் இயற்றியது. பின்னர் அது நாற்பது நாட்களாயிற்று. தனிமைப்படுத்தலுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல்லே, நாற்பது என்ற இத்தாலிய எண்ணிலிருந்து பிறந்ததுதான். கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன எமது முன்னோர் காலத்திலும் செங்கடலின் கமரான் தீவில் தனிமைப்படுத்தல் நிலையம் இருந்தது. ஹஜ்ஜை முடித்து வடக்கே எகிப்தின் பக்கம் திரும்பியவர்கள் ஸினாய் கரையிலுள்ள தூர் என்ற இடத்தில் தங்க வேண்டியிருந்தது.

அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன் நடந்ததையும் நீங்கள் அறிவீர்கள். உமர் (ரழி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிச் செல்லும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி கிடைத்தது. நோயுள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கே இருப்பவர் அதற்கு அஞ்சி வெளியேறவும் வேண்டாம் என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) எடுத்துச் சொன்னார்கள். உமர் (ரழி) திரும்பிவிட்டார்கள். ஆனால் உள்ளே இருந்தவர்களை மறந்துவிடவில்லை. ஈரமான தாழ்நிலத்திலிருந்து மக்களை உயரமான, நல்ல காற்றுள்ள இடத்துக்கு அழைத்துச் செல்லுமாறு தளபதி அபூ உபைதா (ரழி) அவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

விலகி நிற்பது வேறு, கைவிடுவது வேறு. இந்த வேறுபாட்டைத்தான் 2020இல் பல துறைமுகங்கள் மறந்தன.

கொழும்பில் திறந்த கதவு

எமது நாட்டைத் தொட்ட கதையும் ஒன்று உண்டு. 'எம்.எஸ்.சி. மெக்னிஃபிகா' என்ற கப்பல் 2020 ஜனவரி ஆரம்பத்தில் இத்தாலியிலிருந்து உலகைச் சுற்றிவரப் புறப்பட்டது. பசுபிக் சமுத்திரத்தைக் கடந்து நியூசிலாந்து, அவுஸ்திரேலியாப் பக்கம் வரும்போது உலகம் மூடிக்கொண்டது. கப்பலில் நோய் இல்லை. ஆனால் இறங்க இடமும் இல்லை. மார்ச் நடுப்பகுதியிலிருந்து பயணிகள் நிலத்தில் கால் வைக்காமலேயே ஐரோப்பாவை நோக்கித் திரும்பினர்.

அந்தக் கப்பலின் சமையலறையில் ஓர் இலங்கையர் வேலை செய்தார். பணியாளர்களுள் அவர் ஒருவரே இலங்கையர். கப்பல் எரிபொருளுக்காகக் கொழும்பு வரப்போகிறது. சொந்த நாட்டின் துறைமுகத்துக்கே வந்து, வீட்டுக்குப் போகாமல் மீண்டும் ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமா? தன்னை இறங்க விடுமாறு காணொளி மூலம் அவர் வேண்டுகோள் விடுத்தார். அப்போது நாட்டில் ஊரடங்கு. விமான நிலையமும் வருவோருக்கு மூடப்பட்டிருந்தது.

ஏப்ரல் 6ஆம் திகதி கடற்படையினர் பாதுகாப்பு அங்கியணிந்து கப்பலருகே சென்றனர். அந்தச் சகோதரரை இறக்கி, கிருமி நீக்கம் செய்து, தனிமைப்படுத்தலுக்கு அனுப்பினர். அதே கப்பலில் நோயுற்றிருந்த ஜெர்மன் நாட்டு மூதாட்டி ஒருவரையும் இறக்கி வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். கப்பல் தன் வழியே சென்று, ஏப்ரல் 20ஆம் திகதி பிரான்சின் மார்செய் துறைமுகத்தை அடைந்தது.

கதவை அடித்துச் சாத்துவது ஒரு வழி. யோசியாமல் அகலத் திறந்துவிடுவது இன்னொரு வழி. ஆயத்தத்தோடு திறப்பது மூன்றாவது வழி. ஊருக்கும் ஆபத்தில்லை, வந்தவருக்கும் அவமானமில்லை. இரண்டு பேருக்கென்றாலும் அன்று கொழும்பில் திறந்தது இந்த மூன்றாவது கதவுதான்.

கப்பலிலேயே தங்கிவிட்டவர்கள்

பயணிகள் வீடு சேர்ந்ததும் செய்தி முடிந்துவிட்டது. ஆனால் பணியாளர்களின் பயணம் முடியவில்லை. கப்பல் தொழிலாளர் பற்றிய சர்வதேச விதிகளின்படி ஒருவர் தொடர்ந்து கப்பலில் வேலை செய்யக்கூடிய காலம் பதினொரு மாதங்களே. 2020இன் இறுதியில், ஒப்பந்தம் முடிந்தும் வீடு செல்ல முடியாமல் உலகெங்கும் கப்பல்களில் இருந்த கடலோடிகள் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் என ஐக்கிய நாடுகளின் கடல்சார் அமைப்பு மதிப்பிட்டது. சரக்குக் கப்பல்களில் இருந்தவர்களே அவர்களில் அதிகம். உலகம் வீட்டுக்குள் இருந்த நாட்களில் அரிசியையும் மாவையும் மருந்தையும் சுமந்து வந்தவர்கள் இவர்கள்தாம்.

ஒவ்வொரு கடலோடிக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது. "அடுத்த மாதம் வாப்பா வருவார்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, அடுத்த மாதமும் அதையே சொல்ல நேர்ந்த ஒரு தாய் இருக்கிறாள். மத்திய கிழக்கில் கணவனையோ மகளையோ விட்டுவிட்டு இருக்கும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எமது வீட்டு வாசல்

சகோதரிகளே, இக்கதைகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

உம்ராவுக்கோ தொழிலுக்கோ சுற்றுலாவுக்கோ யார் புறப்பட்டாலும், தினமும் எடுக்கும் மருந்தைத் திரும்பும் நாளுக்குப் பிறகும் சில வாரங்களுக்குப் போதுமான அளவு கொடுத்து அனுப்புங்கள். அது கைப்பையில் இருக்கட்டும்; பெரிய பெட்டியில் வேண்டாம். மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிய வைத்தியரின் துண்டும் கூடவே இருக்கட்டும். கடவுச்சீட்டின் பிரதி ஒன்று, அந்நாட்டிலுள்ள எமது தூதரகத்தின் தொலைபேசி இலக்கம், தொழில் ஒப்பந்தத்தின் பிரதி ஆகியவை வீட்டில் இருக்க வேண்டும். கொடுக்கல் வாங்கல், அமானிதம் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுப் புறப்படுவது எமக்குப் புதிய பழக்கமல்ல. அதை மீண்டும் வழக்கமாக்குங்கள். அவசரத்தில் திரும்பி வருவதற்கென்று ஒரு தொகையையும் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றிலும் முக்கியமானது வந்தவரை வரவேற்கும் விதம். கொரோனா காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவரின் வாசலில் அறிவித்தல் ஒட்டப்பட்டதையும், அக்கம்பக்கத்தார் முகம் திருப்பிக்கொண்டதையும் நாம் கண்டோம். நோய்க்கு அஞ்சுவது குற்றமல்ல. ஆனால் கதவடியில் ஒரு சட்டி கஞ்சியை வைத்துவிட்டு, எட்டி நின்று "தம்பி, சுகமா?" என்று கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடை விதிக்கவில்லை. இனியும் அப்படியொரு காலம் வந்தால், ஜன்னலுள்ள ஓர் அறையை ஒதுக்குங்கள். சாப்பாட்டை வாசலில் வையுங்கள். பேச்சை மட்டும் நிறுத்தாதீர்கள்.

நோயில்லாத காலத்திலும் நீண்ட பயணம் முடித்து வருபவர் களைத்தே வருகிறார். "என்ன கொண்டு வந்தீர்கள்?" என்பது முதற் கேள்வியாக இருக்க வேண்டாம். கடன்காரர் வந்து போனதையும் கூரை ஒழுகுவதையும் முதல் இரவிலேயே சொல்ல வேண்டாம். வாப்பாவின் முகம் மறந்த பிள்ளை உடனே மடியில் ஏறாவிட்டால் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள், அவரையும் மனம் வருந்த விடாதீர்கள். நாலு நாள் போனால் எல்லாம் சரியாகும்.

கப்பல் துறைமுகத்தைத் தொட்டாலும், விமானம் கட்டுநாயக்காவில் இறங்கினாலும் பயணம் முடிந்துவிடுவதில்லை. கதவைத் திறந்து, "வாங்க, முதலில் முகம் கழுவிச் சாப்பிடுங்க" என்று நீங்கள் சொல்லும்போதுதான் அவர் வீடு வந்து சேர்கிறார்.