கைக்குள் வந்த டி.வி. கேம்: பழுதும் பரிகாரமும்

ஒரு காலத்தில் வானொலிப் பெட்டி என்பது கூடத்து மேஜையை விட்டு அசையாத பொருளாக இருந்தது. 1947ஆம் ஆண்டின் இறுதியில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. 1954இல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. அதன்பின் வானொலி உழவனுடன் வயலுக்கும், வழிப்போக்கனுடன் ரயிலுக்கும் செல்லத் தொடங்கியது. நிலையாக ஓரிடத்தில் இருப்பதைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு இயல்பானது போலும். அதே ஆசை இன்று பழைய டி.வி. கேம் பெட்டிகளின்மீதும் திரும்பியிருக்கிறது.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு ஜூலையில் 'ஃபேமிகாம்' என்னும் விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. அதனைப் பின்பற்றி அமைந்த பெட்டிகள் 'சாமுராய்', 'லிட்டில் மாஸ்டர்' முதலிய பெயர்களில் நம் நாட்டில் பரவின. கேசட்டைச் செருகி, தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடிய அந்தப் பெட்டிகள் இன்று பல வீடுகளில் பரண் ஏறிவிட்டன. அவற்றின் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையை எடுத்து, ஒரு சிறு திரையும் பாட்டரியும் சேர்த்துக் கையடக்கமாகச் செய்வோர் உலகெங்கும் உளர். அமெரிக்கரான பெஞ்சமின் ஹெக்கண்டார்ன் 1977ஆம் ஆண்டின் அட்டாரி பெட்டியை இவ்வாறு மாற்றியமைத்துப் புகழ் பெற்றார். சித்தூர், தத்தமங்கலம், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சியிலும் இருக்கும் கைத்திறன் மிக்க இளைஞர்களுக்கும் இது எட்டாத வேலையன்று.

ஆனால் இத்தகைய கருவி முதல் நாள் நன்றாக ஓடிவிட்டு மறுநாள் ஊமையாகிவிடுவது உண்டு. 'பலகை எரிந்துவிட்டது' என்று முடிவு கட்டிக் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள். பலகை பெரும்பாலும் எரிந்திருப்பதில்லை. ஓர் இணைப்பு விட்டிருக்கும். அல்லது மின்னழுத்தம் குறைந்திருக்கும். எறிவதால் உழைப்பு வீணாவதோடு, லித்தியம் பாட்டரி குப்பையில் நசுங்கித் தீப்பற்றும் அபாயமும் நேருகிறது. ஆகவே, பழுதை முறையாகத் தேடும் வழியை இங்கு நாம் ஆராய்வோம்.

இக்கருவியை நான்கு பகுதிகளாகப் பிரித்துக் கொள்ளலாம்: மின்சாரம் அளிக்கும் பகுதி, விளையாட்டுப் பலகை, திரையும் ஒலியும், பொத்தான்கள். ஐயத்துக்குரிய பகுதியை நீக்கி, நல்லதென்று தெரிந்த ஒன்றை அவ்விடத்தில் வைத்துப் பார்ப்பதே முதல் விதி. பாட்டரியைக் கழற்றிவிட்டுப் பழைய அடாப்டரைப் பலகையின் பழைய வழியிலேயே இணைத்துப் பாருங்கள். சிறு திரைக்குப் பதில் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்துப் பாருங்கள். இவ்விரண்டு பரீட்சைகளிலேயே பழுது எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும் என்பது இரண்டாம் விதி. இரண்டை மாற்றினால் எது பயன் தந்தது என்று அறிய இயலாது.

முதலில் மின்சாரத்தைக் கவனிப்போம். இப்பெட்டிகளின் பலகை 5 வோல்ட்டில் இயங்குவது. பல பெட்டிகளில் 7805 என்னும் எண்ணுடைய மூன்று கால் உறுப்பு ஒன்று உண்டு. அடாப்டரிலிருந்து வரும் 9 வோல்ட்டை 5 ஆகக் குறைப்பது அதன் வேலை. 5 வோல்ட்டை ஒழுங்காகத் தர, அதற்கு ஏறத்தாழ 7 வோல்ட்டாவது கிடைக்க வேண்டும். இரண்டு லித்தியம் மின்கலங்களைத் தொடராக இணைத்தால் முழுதும் ஏறிய நிலையில் 8.4 வோல்ட் இருக்கும். பயன்படுத்தப் பயன்படுத்த அது 7க்குக் கீழே இறங்கும். அப்போது படம் நடுங்கும். ஆட்டம் தானாகவே தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். பாட்டரியில் சக்தி மிச்சமிருந்தும் கருவி ஓயும் காரணம் இதுவே.

வேறு சிலர் ஒரே மின்கலத்தை வைத்து, அதன் 3.7 வோல்ட்டை 5 ஆக உயர்த்தும் சிறு பலகையைச் சேர்க்கிறார்கள். அந்த 5 வோல்ட்டை 7805இன் உள்வாயிலில் கொடுத்தால், மறுபுறம் வருவது பலகைக்குப் போதாது. 7805ஐக் கழற்றிவிட்டு, அதன் வெளிவாயில் இருந்த இடத்திலேயே 5 வோல்ட்டை இணைக்க வேண்டும். கருவி முழுவதும் அரை ஆம்பியர் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அது இரண்டரை வாட் ஆகும். மாற்றத்தில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், மின்கலத்திலிருந்து முக்கால் ஆம்பியருக்கும் சற்று மேலாகவே இழுக்கப்படுகிறது. மெல்லிய கம்பியும் மலிவான விசையும் இதைத் தாங்கா. ஆகவே, மல்ட்டிமீட்டரால் அளக்கும்போது கருவி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சும்மா இருக்கையில் 5 வோல்ட் காட்டி, திரை எரிந்தவுடன் 4க்கு இறங்குமாயின் குற்றம் அங்கேதான்.

திரை காட்டும் குறிகள் வைத்தியனுக்கு நாடி போன்றவை. நீலத் திரையில் சமிக்ஞை இல்லை என்ற அறிவிப்பு வந்தால் திரைக்கு மின்சாரம் வருகிறது, படம்தான் வரவில்லை என்று கொள்ளலாம். படம் வண்ணமின்றி, உருண்டுகொண்டே தோன்றினால், பலகையின் வண்ண முறையும் திரையின் வண்ண முறையும் வெவ்வேறாக இருக்கக்கூடும். நம் நாட்டுத் தொலைக்காட்சி 1982இல் வண்ணம் பெற்றபோது பால் முறையைக் கைக்கொண்டது. ஜப்பானில் வழங்கியது வேறு முறை. படம் வந்தும் எழுத்துகள் சிதறித் தோன்றினால் கேசட்டின் தொடர்பை ஐயுற வேண்டும். ஃபேமிகாம் கேசட்டில் 60 தொடுமுனைகள் உள்ளன. வாயால் ஊதுவது ஈரத்தைச் சேர்த்துத் துருவையே வளர்க்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, உலர்ந்தபின் செருகுவதே முறை. இடம் மிச்சமாக வேண்டிக் கேசட்டின் வாயைப் பலகையிலிருந்து பிரித்துக் கம்பிகளால் இணைத்திருந்தால், கம்பிகள் இயன்றவரை குட்டையாக இருக்கட்டும். அடுத்தடுத்த இரண்டு கம்பிகளின் பற்றாசு ஒன்றையொன்று தொடுகிறதா என்றும் பார்த்தல் நலம்.

பொத்தான்களின் பழுதைச் சிந்தனையாலேயே பாதி கண்டுவிடலாம். எட்டுப் பொத்தான்களின் நிலையையும் ஒரு சிறு சில்லு வரிசையாகப் படித்து, ஒரே கம்பி வழியே பலகைக்குச் சொல்லுகிறது. ஒரு பொத்தான் மட்டும் வேலை செய்யாவிடில் அதன் தொடுமுனையே பழுது. எட்டும் ஒருங்கே ஓய்ந்தால், சில்லுக்குச் செல்லும் ஐந்து கம்பிகளுள் ஒன்று விட்டிருக்கலாம்.

பலகையைக் குறுக்க அதன் ஓரங்களை அறுப்பவர்கள், எதிர்முனைப் பாதையையும் சேர்த்து அறுத்துவிடாமல் கவனிக்க வேண்டும். ஒலியில் இரைச்சல் எழுவதும் பெரும்பாலும் எதிர்முனை இணைப்பின் குறையாலேயே. பற்றாசு மங்கலாக, உருண்டையாக இருந்தால் அது ஒட்டியதுபோல் தோன்றும் போலி இணைப்பாக இருக்கக்கூடும். மீண்டும் சூடாக்கி உருக்க வேண்டும்.

இறுதியாக வெப்பம். பாலக்காட்டுக் கணவாயை அடுத்த சித்தூர்ப் பகுதியின் கோடையை அறியாதார் இலர். வெப்பம் 40 பாகையைத் தாண்டும் நாட்களும் உண்டு. 7805 ஒன்பது வோல்ட்டை ஐந்தாக்குகையில் மிஞ்சும் சக்தி முழுவதும் சூடாகவே வெளிப்படுகிறது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் கூட்டில் பத்து நிமிடம் ஓடிக் கருவி நின்றால், கூட்டில் துளைகளும் உறுப்புக்கு ஓர் அலுமினியத் தகடும் வேண்டும். லித்தியம் மின்கலத்தை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றலாகாது. 3க்குக் கீழே இறக்கலாகாது. பாதுகாப்புச் சுற்று இல்லாத மின்கலத்தைச் சிறுவர் கையில் கொடுப்பது தீயைக் கொடுப்பதே. உப்பிய மின்கலத்தைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம்; உடனே விலக்கிச் சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள். 230 வோல்ட் அடாப்டரின் உட்புறத்தைத் திறப்பதும் இளைஞர்க்கு உரிய வேலையன்று.

பழைய விளையாட்டு ஒன்று மீண்டும் ஓடுவது சிறிய காரியமே. ஆயினும் அளந்து பார்த்து, காரணம் கண்டு, பின்னரே கைவைக்கும் பழக்கம் சிறியதன்று. அதனைக் கற்ற இளைஞன் நாளை வயலின் பம்பு மோட்டாருக்கும் வீட்டின் மின்விளக்குக்கும் அதே முறையைக் கைக்கொள்வான். பரணிலுள்ள பெட்டியை எறிவதற்கு முன் ஒருமுறை அளந்து பாருங்கள் என்பதே நம் வேண்டுகோள்.