வீக்கெண்டு பாண்டிச்சேரி: கார் வாடகைக்கு எடுக்கலாமா, வேண்டாமா?



வெள்ளிக்கிழமை மதியம் மூணு மணிக்கு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் வரும். "பாண்டி போலாமா?" அடுத்த பத்து நிமிஷத்துல ஒருத்தர் செல்ஃப் டிரைவ் ஆப்ல இருந்து ஒரு காரோட ஸ்கிரீன்ஷாட்டைப் போடுவார். "ஒரு நாளைக்கு 2,500 தான். நாலு பேர் பிரிச்சா ஒண்ணுமே இல்ல மச்சி." எல்லாரும் தம்ஸ் அப் போடுவாங்க. கணக்கு அங்கேயே முடிஞ்சுடும்.

நானும் அப்படித்தான் ஒரு தடவை போனேன். கல்யாணமான முதல் வருஷம். நானும் மனைவியும் மட்டும். சனிக்கிழமை காலையில ஒரு இருட்டு பேஸ்மெண்ட் பார்க்கிங்கில வண்டியைக் கொடுத்தாங்க. பையன் ஒரு செக்லிஸ்ட்டை நீட்டினான். சீக்கிரம் கிளம்பணும்ங்கிற அவசரத்துல படிக்காம கையெழுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது ஈசிஆர்ல டிராஃபிக், நாற்பது நிமிஷம் லேட். திங்கட்கிழமை காலையில மெசேஜ் வந்துச்சு: பின் பம்பர்ல கீறல், 4,500 ரூபாய். லேட் ஃபீஸ் 600 ரூபாய். டெபாசிட் 5,000 போக, இன்னும் 100 ரூபாய் கட்டச் சொல்லி ஒரு லிங்க் வேற.

"அந்தக் கீறல் ஏற்கனவே இருந்ததுங்க"ன்னு சொன்னேன். "எடுக்கும்போது போட்டோ எடுத்தீங்களா சார்?"ன்னு கேட்டாங்க. எடுக்கல. அடுத்தவங்க கம்பெனிக்கு ஆடிட் போய், "இந்தச் செலவுக்கு வவுச்சர் எங்கே?"ன்னு கேட்கிற சிஏ நான். என் சொந்தச் செலவுக்கு என்கிட்ட வவுச்சர் இல்லை. பேசாம அந்த 100 ரூபாயைக் கட்டினேன்.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை. கீழே இருக்கிற தொகைகள் எல்லாம் உதாரணத்துக்கு நான் வச்சுக்கிட்ட எண்கள். சீசன், வண்டி, ஊர் பொறுத்து மாறும். உங்க ஆப்ல, உங்க டிக்கெட்ல வர்ற எண்ணைப் போட்டுக்கோங்க. கணக்கு போடுற முறைதான் முக்கியம்.

ஆப் காட்டுற விலை வாடகை மட்டும்தான்

சென்னையில இருந்து பாண்டிச்சேரி ஈசிஆர் வழியா ஏறக்குறைய 150 கிலோமீட்டர். போக வர 300. உள்ளூர்ல ஆரோவில், சுண்ணாம்பாறுன்னு சுத்த ஒரு 50. மொத்தம் 350 கிலோமீட்டர். ஒரு சின்ன ஹேட்ச்பேக் காரை ரெண்டு நாளைக்கு எடுக்கிறோம்னு வச்சுக்குவோம்.

- வாடகை, 48 மணி நேரத்துக்கு, ஜிஎஸ்டி சேர்த்து: 5,000
- இலவச கிலோமீட்டர் 300 தான். கூடுதல் 50 கிலோமீட்டருக்கு 10 ரூபாய் வீதம்: 500
- பெட்ரோல். ஏசி போட்டு லிட்டருக்கு 14 கிலோமீட்டர், 25 லிட்டர், லிட்டர் 100 ரூபாய்: 2,500
- டேமேஜ் கவர்: 400
- டோல், போக வர: 300
- பார்க்கிங்: 200

மொத்தம் 8,900 ரூபாய். ஆப்ல பார்த்த எண் 5,000. கையை விட்டுப் போறது அதுல இருந்து இன்னும் 3,900 அதிகம். இதுல டெபாசிட்டைச் சேர்க்கவே இல்லை. அது செலவு இல்லைதான், திரும்ப வந்துடும். ஆனா கிரெடிட் கார்டுல கொடுத்தா அத்தனை நாளும் லிமிட் பிளாக் ஆகி நிக்கும். மாசக் கடைசியில போறவங்க இதை யோசிக்கணும்.

பஸ்ஸும் ஸ்கூட்டரும்

இப்ப அதே ரெண்டு பேர் பஸ்ல போறாங்கன்னு வச்சுக்குவோம். ஈசிஆர் பஸ் திருவான்மியூர்லயே ஏறலாம். தாம்பரம் பக்கம் இருக்கிறவங்க கிளாம்பாக்கம் போய், திண்டிவனம் வழியா போற பஸ்ஸைப் பிடிக்கலாம். எழும்பூர்ல இருந்து ரயிலும் இருக்கு. விழுப்புரம் சுத்திப் போறதால நேரம் அதிகமாகும், ஆனா டிக்கெட் ரொம்ப மலிவு.

- பஸ், ஒரு ஆளுக்கு ஒரு வழிக்கு 250 வீதம், ரெண்டு பேர் போக வர: 1,000
- ரெண்டு ஊர்லயும் பஸ் ஏறி இறங்க ஆட்டோ: 800
- பாண்டியில ஒரு ஸ்கூட்டர், நாளுக்கு 500 வீதம் ரெண்டு நாள்: 1,000
- அதுக்கு பெட்ரோல்: 200

மொத்தம் 3,000 ரூபாய். காருக்கும் இதுக்கும் வித்தியாசம் 5,900. கையில 35,000 சம்பளம் வாங்குறவருக்கு இது அஞ்சு நாள் சம்பளம். அதாவது ஒரு வாரம் முழுக்க ஆபீஸ் போனது ரெண்டு நாள் காருக்கு.

நாலு பேர் போனா? பஸ் 2,000, ஆட்டோ 1,000, ரெண்டு ஸ்கூட்டர் பெட்ரோலோட 2,400. மொத்தம் 5,400, ஆளுக்கு 1,350. கார் அதே 8,900, ஆளுக்கு 2,225. வித்தியாசம் ஆளுக்கு 875 ரூபாய்தான். ரெண்டு பேர்னா ஆளுக்கு 2,950 கூட ஆகுது. நாலு பேர்னா 875. குரூப்ல சொன்ன "நாலு பேர் பிரிச்சா" கணக்கு முழுசா தப்பில்லை. ஆனா வெள்ளிக்கிழமை நாலு பேர் தலையாட்டி, சனிக்கிழமை காலையில ரெண்டு பேர் கழண்டுக்கிட்டா, அந்த 8,900 உங்க ரெண்டு பேர் தலையில. அதனால புக் பண்றதுக்கு முன்னாடியே எல்லார்கிட்டயும் பங்கை ஜிபே பண்ண வச்சுடுங்க. நட்புக்கும் நல்லது.

நிக்கிற காருக்கும் வாடகை ஓடும்

என் டிரிப்புல நான் கவனிக்காம விட்ட விஷயம் இதுதான். 48 மணி நேரத்துல அந்தக் கார் எவ்வளவு நேரம் ஓடுச்சு? போக மூணரை மணி நேரம், வர மூணரை. உள்ளூர்ல ஒரு மூணு மணி நேரம். மொத்தம் பத்து மணி நேரம். மீதி 38 மணி நேரம் அது லாட்ஜ் சந்துல நின்னுச்சு. வாடகை மணிக்கு 104 ரூபாய். அப்ப 38 மணி நேரம் சும்மா நின்னதுக்கு நான் கொடுத்தது ஏறக்குறைய 4,000 ரூபாய்.

ஏன் நின்னுச்சு? பாண்டிச்சேரி ஊர் அப்படி. ஒயிட் டவுன்ல தங்கினா பீச் ரோடு, காந்தி சிலை, பழைய லைட்ஹவுஸ், பாரதி பூங்கா, மணக்குள விநாயகர் கோயில், அரவிந்தர் ஆசிரமம் எல்லாமே நடந்து போற தூரம். சாயந்திரம் ஆனா பீச் ரோட்டுல வண்டிக்கு அனுமதியே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில சண்டே மார்க்கெட், அங்க கார் எடுத்துட்டுப் போனா பார்க்கிங் தேடியே பாதி நேரம் போயிடும். ஆரோவில் போனாலும் வண்டியை விசிட்டர்ஸ் சென்டர்ல விட்டுட்டு, மாத்ரிமந்திர் வியூ பாயிண்ட்டுக்கு நடந்துதான் போகணும்.

அதனால எந்த ஊருக்குக் கிளம்பினாலும் முதல் கேள்வி "கார் எவ்வளவு?" இல்லை. "அந்த ஊர்ல கார் எத்தனை மணி நேரம் ஓடும்?"ங்கிறதுதான். ஏற்காடு, வால்பாறை மாதிரி ஒவ்வொரு இடமும் தள்ளித்தள்ளி இருக்கிற ஊருக்குப் பதில் வேற. நடந்தே சுத்துற ஊருக்கு வேற.

டிரைவரோட டாக்சி: பலபேர் பார்க்காத மூணாவது வழி

அவுட்ஸ்டேஷன் டாக்சியில பெரும்பாலும் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர்னு கணக்கு வைப்பாங்க. நீங்க 350 ஓடினாலும், ரெண்டு நாளைக்கு 500 கிலோமீட்டருக்குக் காசு. கேட்கவே அநியாயமா இருக்கும். ஆனா போட்டுப் பாருங்க.

கிலோமீட்டருக்கு 14 ரூபாய்னா 7,000. டிரைவர் பேட்டா ரெண்டு நாளைக்கு 1,000. டோல் 300, பார்க்கிங் 200. மொத்தம் 8,500. செல்ஃப் டிரைவ் 8,900. டாக்சியில டீசல் அவங்களுது, கீறல் விழுந்தா கவலை அவங்களுது, டெபாசிட் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தூக்கக் கலக்கத்துல ஈசிஆர்ல ஓட்டுற வேலையும் இல்லை. பாண்டிச்சேரி தனி யூனியன் பிரதேசம்ங்கிறதால பெர்மிட் கட்டணம் தனியா உண்டான்னு மட்டும் முன்னாடியே கேட்டு, மெசேஜ்ல எழுதி வாங்கிக்கோங்க.

கார் எடுத்தே தீரணும்னா

1. நம்பர் பிளேட்டைப் பாருங்க. செல்ஃப் டிரைவ் வாடகைக்குப் பதிவு செஞ்ச வண்டிக்குக் கருப்புப் பலகையில மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை வண்டி, அதாவது யாரோ ஒருத்தரோட சொந்தக் கார், 500 ரூபாய் குறைவாக் கிடைக்குதுன்னு எடுக்காதீங்க. தனியார் கார் இன்சூரன்ஸ் பாலிசி வாடகைக்கு விடுறதை ஏத்துக்காது. விபத்துன்னு வந்தா கிளெய்மை நிராகரிக்கலாம். மிச்சம் பிடிச்ச 500 ரூபாய்க்காக லட்சக்கணக்கில சிக்கல் வரும். வாடகை ஸ்கூட்டருக்கும் இதையே பாருங்க.

2. வண்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்க. சுத்தி வந்து ஒரு வீடியோ எடுங்க. பம்பர், வீல், கண்ணாடி, கிலோமீட்டர் மீட்டர், பெட்ரோல் முள் எல்லாம் அதுல வரணும். எடுத்த உடனே அவங்க நம்பருக்கே வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. திருப்பிக் கொடுக்கும்போதும் இதே மாதிரி ஒண்ணு. மூணு நிமிஷ வேலை. எனக்கு இது 4,500 ரூபாய் பாடம்.

3. டேமேஜ் கவர் வாங்கினா எல்லாம் ஃப்ரீ இல்லை. "முதல் இத்தனை ரூபாய் வாடிக்கையாளர் பொறுப்பு"ன்னு ஒரு வரி இருக்கும். அந்தத் தொகையைத் தேடிப் படிங்க. உங்களோட உண்மையான ரிஸ்க் அதுதான்.

4. பெட்ரோல் எந்த அளவுல கொடுக்கிறாங்களோ அதே அளவுல திருப்பணும். கூட ஊத்தினா காசு திரும்ப வராது. பாண்டிச்சேரியில வரி குறைவுங்கிறதால தமிழ்நாட்டை விட விலை குறைவு. கிளம்புற அன்னைக்குத் தேவையான அளவு மட்டும் அங்க போட்டுக்கோங்க.

5. குடிச்சிருந்தா ஸ்டியரிங்கைத் தொடாதீங்க. முதல் தடவை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். குடிச்சிட்டு ஓட்டி விபத்தானா வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்சும் கிடையாது, நீங்க வாங்கின டேமேஜ் கவரும் கைவிட்டுடும். அங்கிருந்து பாட்டில் வாங்கிட்டு வர்ற ஐடியாவும் வேண்டாம். செக்போஸ்ட்ல பிடிச்சா சரக்கோட சேர்த்து வண்டியையும் எடுத்துப்பாங்க. வாடகை வண்டிக்கு நீங்க யார்கிட்ட பதில் சொல்றது?

அப்ப கார் வீண் செலவா?

இல்லை. போன வருஷம் அப்பா அம்மாவை பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போனோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. கேட்டா, "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, பஸ்லயே போலாம், எதுக்கு வீண் செலவு"ன்னுதான் சொல்வாங்க. என் எக்செல் ஷீட்டும் அதையேதான் சொல்லுச்சு. ஆனா அந்த ஷீட்ல அம்மா பஸ் படி ஏறுறதுக்கு ஒரு காலம் இல்லை. ஸ்கூட்டர் பின்னாடி அவங்களை உட்கார வைக்கவும் முடியாது.

டிரைவரோட டாக்சி எடுத்தேன். அப்பா முன் சீட்ல உட்கார்ந்து டிரைவர்கிட்ட ஊர்க்கதை பேசிக்கிட்டே வந்தார். மரக்காணம் தாண்டுறப்ப அம்மா, "அய்யோ, எவ்வளவு உப்பு! கொஞ்சம் நிறுத்தச் சொல்லேன்"ன்னாங்க. உப்பளத்து ஓரமா இறங்கி, வெள்ளை வெள்ளையாக் குவிஞ்சிருந்ததைப் பத்து நிமிஷம் நின்னு பார்த்தாங்க. "இத்தனை வருஷம் சமைச்சிருக்கேன், இது விளையுறதை இப்பதான் பார்க்கிறேன்"னு சொன்னாங்க. பஸ்ஸா இருந்தா அங்க நின்னிருக்காது.

அந்த டிரிப்புக்குக் கூட ஆன மூவாயிரம் ரூபாயை நான் செலவுன்னு எழுதவே இல்லை. முதல் டிரிப்புல கொடுத்த 5,900 மட்டும் இன்னும் உறுத்துது. அதுல காரால எங்களுக்குக் கிடைச்சது ஒண்ணுமே இல்லை. எல்லாரும் எடுக்கிறாங்கன்னு எடுத்தேன், அவ்வளவுதான்.

ஆக, அடுத்த வெள்ளிக்கிழமை குரூப்ல ஸ்கிரீன்ஷாட் வந்தா தம்ஸ் அப் போடறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. நிச்சயமா வர்றவங்க எத்தனை பேர்? அந்த ஊர்ல கார் எத்தனை மணி நேரம் ஓடும்? பஸ்ல வரவே முடியாதவங்க யாராவது கூட வர்றாங்களா? ஒன்று அல்லது இரண்டு பேர், நடந்து சுத்துற ஊர்னா பஸ். நாலு பேர், தள்ளித்தள்ளி இருக்கிற இடங்கள்னா கார். வீட்டுப் பெரியவங்க, கைக்குழந்தைன்னா கணக்கை மூடி வச்சுட்டு டாக்சியைக் கூப்பிடுங்க.

மிச்சமாகிற 5,900 ரூபாயை என்ன பண்றதுன்னு கேட்டா, பாதியை எஸ்ஐபியில போடுங்கன்னு சொல்வேன். மீதிப் பாதிக்கு அடுத்த மாசம் அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க.