பூக்கூடைக்கு விமானம் உதவுமா?

வேலூரை அடுத்த அப்துல்லாபுரம் விமானத் தளம் உடான் திட்டத்தில் சேர்க்கப்பட்டது முதல், ஆம்பூர், ஒடுகத்தூர் வட்டாரத்து மல்லிகை விவசாயிகள் சிலர், "சேலத்துக்கு விமானம் விட்டால் பூவை அரை மணியில் இறக்கிவிடலாமே, இன்னும் அரை ஏக்கர் நடலாமா?" என்று கேட்கிறார்கள். கடன் வாங்கி நடுமுன் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் தூரம். சேலம் விமான நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ளது. உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் அங்கு மீண்டும் சேவை தொடங்கியது. அப்துல்லாபுரத்திலிருந்து அது தெற்கே சுமார் 125 கி.மீ., மேற்கே சுமார் 109 கி.மீ. தள்ளி இருக்கிறது. வரப்பைச் சுற்றாமல் வயலைக் குறுக்கே கடப்பதுபோல் விமானம் நேராகப் பறக்கும். ஆகவே வான்வழித் தூரம் ஏறக்குறைய 165 கி.மீ. ஆகும்.

பத்தொன்பது பேர் அமரும் சிறு விமானம் மணிக்கு 400 கி.மீ. வரை செல்லும். அதன்படி 25 நிமிடம். ஆனால் மேலே ஏறுவதற்கும், இறங்குமுன் வட்டமிடுவதற்கும் 10, 15 நிமிடம் கூடும். தூரம் எவ்வளவு குறைந்தாலும் இந்த நேரம் குறையாது.

இனிதான் முக்கியமான கணக்கு. பூ பறப்பது ஓடுபாதையிலிருந்து அல்ல, தோட்டத்திலிருந்து! ஆம்பூரிலிருந்து அப்துல்லாபுரம் செல்ல ஒரு மணி நேரம். எடை போட்டு, சோதனை முடித்து ஏற்ற, குறைந்தது இரண்டு மணி நேரம். பறக்க 40 நிமிடம். இறக்கி வெளியே எடுக்க முக்கால் மணி. காமலாபுரத்திலிருந்து சேலம் பூ மார்க்கெட் செல்ல மேலும் முக்கால் மணி. ஆக ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வேனில் கிருஷ்ணகிரி வழியாகப் போனால் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். ஆம்பூரும் சேலமும் ஜோலார்பேட்டை வழியாகச் செல்லும் ஒரே ரயில் பாதையில் இருப்பதையும் மறக்கக்கூடாது. இன்னொன்று: சிறு விமானத்தில் பயணிகள் நிரம்பிவிட்டால் கூடைகளுக்கு மிஞ்சும் இடம் சொற்பமே.

அப்படியானால் விமானம் யாருக்கு? ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளைப் பாருங்கள். அவசரமான காலணி மாதிரிகள் விமானத்தில் போகின்றன, மொத்தச் சரக்கு கப்பலில் போகிறது. எடை குறைவு, விலை அதிகம், தூரம் நெடியது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் விமானக் கூலி கட்டுப்படியாகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கி.மீ.; விமானத்தில் நான்கு மணி நேரப் பயணம். கப்பலோ நாட்கணக்கில் போகும். அங்கே மல்லிகைக்கு வேறு வழியே இல்லை. 2020இல் வந்த கிருஷி உடான் திட்டம் வடகிழக்கு மாநிலங்களையும் மலைப் பகுதிகளையும் முதலில் கருதியதும் இதனால்தான். அங்கே சாலை வழி மிக நீண்டது.

நம் பூவில் வீணாகும் நேரம் பெரும்பாலும் வழியில் அல்ல, தோட்டத்திலேயே கழிகிறது. வெயில் ஏறிய பின் பறிப்பதும், பறித்ததைக் கோணிச் சாக்கில் திணித்து வரப்பிலே வைப்பதும் மொட்டைச் சூடாக்கி விரைவில் மலரச் செய்கின்றன. விடியுமுன் இறுகிய மொட்டாகப் பறித்து, உடனே நிழலில் பரப்பி, சூடு தணிந்தபின் கட்டுங்கள். தொலைவூருக்கு அனுப்புவதானால் பனிக்கட்டிப் பொட்டலங்களுடன் தெர்மாகோல் பெட்டியில் அடைக்கவும். பனிக்கட்டி மொட்டின்மேல் நேராகப் படாதபடி இடையில் காகிதம் வைக்கவும்.