கார் போனாலும் கடன் போகாது!

போன வருடம் என் நாத்தனார் வீட்டுக் கார் விபத்தில் அப்பளமாக நொறுங்கிவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். "காரே போயிடுச்சு, இனி எதுக்குத் தவணை?" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நாத்தனார் கேட்கவில்லை, மாதா மாதம் கட்டினார். அதுதான் சரி. இன்சூரன்ஸ் பணம் வரும்வரை தவணை நிற்காது. விட்டால் அபராதக் கட்டணம் ஏறும்.

அவருடன் அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பாலிசியில் 'ஐ.டி.வி.' என்று ஒரு தொகை இருக்கும். ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' என்பார்கள். இந்தத் தொகை வருடா வருடம் குறையும். 8 லட்ச ரூபாய் காருக்கு, 2 வருடம் தாண்டினால் பொதுவாக 30 சதவீதம் கழித்து 5 லட்சத்து 60 ஆயிரம்தான். அதுவும் முதலில் கடன் கொடுத்த பேங்குக்குத்தான் போகும். கடன் பாக்கி 5 லட்சம் என்றால் மிச்சம் நமக்கு. 6 லட்சம் என்றால் 40 ஆயிரம் நாம் கட்ட வேண்டும். நாத்தனார் வளையலை அடகு வைத்துத்தான் பாக்கியைத் தீர்த்தார்.

கடன் தீர்ந்ததும் பேங்கில் என்.ஓ.சி. வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி.யை ரத்து செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த நம்பரைத் திருட்டுக் காருக்கு மாட்டிவிடுவார்கள்.

புதுக் கார் வாங்கும் தோழிகளே, 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்று கேளுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும். ஆனால் பில் விலை கிடைக்கும். பாலிசியை பீரோவில் வைக்குமுன் ஒரு தடவை படித்துவிடுங்கள்!

- ஒரு வாசகி, கும்பகோணம்.