கம்ப்யூட்டர் பழசு, விளையாட்டு புதுசு: வாங்கலாமா, வேண்டாமா?

மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு ரூபாய் குறைவு. "பால்டர்ஸ் கேட்" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் மூன்றாம் பாகம் 2023 ஆகஸ்டு 3-ந் தேதி வெளிவந்தபோது இந்தியாவில் அதற்கு வைத்த விலை 2,999 ரூபாய்.

வீட்டு வாடகை, மளிகை, சீசன் டிக்கெட், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிஞ்சுவதை எண்ணிச் செலவு செய்யும் குமாஸ்தாவுக்கு இது சின்னத் தொகை அல்ல. ஆனாலும் ஆசை இருக்கிறது. இந்த விளையாட்டின் பழைய பாகங்களை ஆடி முடித்தவர்களுக்கு அந்த ஆசை இன்னும் அதிகம்.

"வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே, விளையாட்டை மட்டும் வாங்கினால் போதாதா?" என்று கேட்கலாம்.

பெரும்பாலும் போதாது. நம்மில் பலர் வீட்டில் இருப்பது ஏதோ ஓர் ஆபீசில் பத்து வருடம் உழைத்து, பிறகு மும்பை லாமிங்டன் ரோட்டிலோ, பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ, டில்லி நேரு பிளேசிலோ மறு விற்பனைக்கு வந்த கம்ப்யூட்டர். கணக்குப் போடவும், பிள்ளைகள் பாடம் படிக்கவும் அது போதும். இந்த விளையாட்டை அது தாங்குமா என்பதுதான் கேள்வி. பணத்தைக் கட்டுவதற்கு முன்பே விடை தெரிந்துகொள்ள வழி உண்டு.

என்ன விளையாட்டு இது?

1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். நண்பர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன் என்று வேடம் ஏற்று, இருபது முகம் கொண்ட பகடையை உருட்டிக் கதையை நடத்திச் செல்வார்கள். பூட்டைத் திறக்க முடியுமா, பூதத்தை வெட்ட முடியுமா என்பதைப் பகடை சொல்லும்.

இந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்து பெயர் வாங்கியதுதான் "பால்டர்ஸ் கேட்". கனடாவில் எட்மன்டன் நகரில் உள்ள பயோவேர் நிறுவனம் 1998-ல் முதல் பாகத்தையும், 2000-ல் இரண்டாம் பாகத்தையும் தயாரித்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் டாக்டருக்குப் படித்தவர்கள் என்பது சுவையான செய்தி.

அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் மூன்றாம் பாகம் வரவில்லை. கடைசியில் அதைச் செய்து முடித்தது பெல்ஜியம் நாட்டு லாரியன் நிறுவனம். 2023-ம் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருது "தி கேம் அவார்ட்ஸ்" விழாவில் இதற்குக் கிடைத்தது.

கதை தொடர்கிறதா?

"முதல் இரண்டையும் ஆடாதவனுக்கு மூன்றாவது புரியுமா?" என்று தயங்க வேண்டாம். இரண்டாம் பாகத்துக் கதை நடந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு இந்தக் கதை தொடங்குகிறது. மனித மூளையைத் தின்னும் ஓர் இனம் உங்களைப் பிடித்துக்கொண்டு போய், தலைப்பிரட்டை போன்ற ஒரு புழுவை உங்கள் தலைக்குள் விட்டுவிடுகிறது. அது முற்றினால் நீங்களும் அந்த இனமாகவே மாறிவிடுவீர்கள். அதற்குள் பரிகாரம் தேட வேண்டும். கூட வருகிறவர்களுக்கும் அதே கதி.

பழைய பாகங்களில் வந்த மின்ஸ்க், ஜஹைரா இருவரும் இதிலும் வருகிறார்கள். பழைய ஆட்டக்காரர்களுக்கு அது ஒரு தனி மகிழ்ச்சி.

சாதாரணமாக ஆடினாலே எழுபது, எண்பது மணி நேரம் ஓடும். எண்பது மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 37 ரூபாய் சொச்சம். பெரிய நகரத்தில் ஒரு சினிமா டிக்கெட் விலையோடு ஒப்பிட்டால் இது மலிவுதான். எனவே விளையாட்டுக்குச் செலவழிப்பதே வீண் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. கணக்கு உதைப்பது வேறு இடத்தில்.

கம்ப்யூட்டர் கேட்கும் விலை

இரண்டாம் பாகம் 4 சி.டி.க்களில் அடங்கியது. அதாவது மூன்று ஜி.பி.க்கும் குறைவு. மூன்றாம் பாகம் கேட்கும் இடம் 150 ஜி.பி. ஐம்பது மடங்கு!

தயாரிப்பாளர்களே வெளியிட்ட குறைந்தபட்சத் தேவை இது:

இன்டெல் ஐ5 4690 அல்லது ஏ.எம்.டி. எஃப்.எக்ஸ். 8350 பிராசசர். 8 ஜி.பி. ராம். ஜி.டி.எக்ஸ். 970 அல்லது ஆர்.எக்ஸ். 480 கிராபிக்ஸ் கார்டு. அதில் 4 ஜி.பி. நினைவகம். 64 பிட் விண்டோஸ் 10. 150 ஜி.பி. இடம், அதுவும் எஸ்.எஸ்.டி.யில்.

நன்றாக ஓட வேண்டுமானால் 16 ஜி.பி. ராமும், 8 ஜி.பி. நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டும் வேண்டும் என்கிறார்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எளிது. விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு கட்டத்தில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். பிராசசர், ராம், கிராபிக்ஸ் எல்லா விவரமும் வரும்.

இன்டெல் பிராசசர் எண் நான்கு இலக்கமாக இருந்தால் அதன் முதல் இலக்கத்தைக் கவனியுங்கள். 4690 என்றால் நான்காம் தலைமுறை. 3470 என்றால் மூன்றாம் தலைமுறை. 8700 என்றால் எட்டாம் தலைமுறை. நான்காவதற்குக் கீழே இருந்தால் இந்த விளையாட்டை மறந்துவிடுவது நல்லது. கிராபிக்ஸ் என்ற இடத்தில் "இன்டெல் எச்.டி." என்று மட்டும் இருந்தால் தனி கார்டு இல்லை என்று பொருள்.

ஆபீசிலிருந்து வந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

சுமைகூலி முக்கால் பணம்

"சரி, ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டால் போகிறது" என்று தோன்றும். அங்கேதான் செலவு வளரத் தொடங்குகிறது.

ஜி.டி.எக்ஸ். 970 கார்டு மட்டும் 145 வாட் மின்சாரம் இழுக்கும். அதற்கு 500 வாட் பவர் சப்ளை வேண்டும் என்பது கார்டைத் தயாரித்த நிறுவனத்தின் யோசனை. ஒல்லியான ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இருப்பது அதில் பாதி அளவு. பவர் சப்ளையை மாற்றலாம் என்றால், பல ஆபீஸ் மாடல்களில் வேறு கம்பெனி பவர் சப்ளை பொருந்தாது. பெட்டியும் சிறிதாக இருந்தால் கார்டே உள்ளே நுழையாது. பெட்டியை மாற்றப் போனால் மதர்போர்டிலும் கை வைக்க வேண்டி வரும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

எல்லாம் சேர்ந்து 15,000 ரூபாய் ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எண்பது மணி நேர ஆட்டத்துக்கு மணிக்கு 187 ரூபாய் 50 காசு. முன்பு பார்த்த 37 ரூபாய் எங்கே, இது எங்கே?

செலவுகளை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். ராமைக் கூட்டுவதும், பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதும் வீட்டில் எல்லோருக்கும் பயன்படும். கம்ப்யூட்டர் சட்டென்று திறக்கும். பிள்ளைகளின் படிப்பு வேலையும் வேகமாக நடக்கும். கிராபிக்ஸ் கார்டும் பவர் சப்ளையும் பெரும்பாலும் விளையாட்டுக்கு மட்டுமே. முதல் வகைச் செலவை வீட்டுச் செலவில் சேர்க்கலாம். இரண்டாவதை விளையாட்டின் விலையோடுதான் சேர்க்க வேண்டும்.

பழைய கிராபிக்ஸ் கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று அவசரப்பட வேண்டாம். கிரிப்டோ நாணயம் தேடுவதற்காக இரவும் பகலும் ஓடிக் களைத்த கார்டுகள் பல சந்தைக்கு வந்திருக்கின்றன. கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்து, கேரண்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரச் சோதனையை நம்பலாமா?

"ஸ்டீம்" என்ற இணையக் கடையில் வாங்கினால் ஒரு சலுகை உண்டு. வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். "ஓடாவிட்டால் திருப்பிவிடுகிறேன்" என்று பலர் வாங்குவது இந்தத் தைரியத்தில்தான்.

இந்த விளையாட்டைப் பொறுத்தவரை அந்தச் சோதனை பாதிதான் உண்மை சொல்லும். கதை மூன்று பகுதிகளாக நடக்கிறது. முதல் பகுதி காடும் மேடுமாக இருக்கும். மூன்றாம் பகுதி ஜனக் கூட்டம் நிறைந்த பால்டர்ஸ் கேட் நகரத்துக்குள் நடக்கிறது. பிராசசருக்கு மிகப் பெரிய சுமை அங்கேதான். முதல் இரண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடிய பழைய கம்ப்யூட்டர், ஐம்பது மணி நேரம் கழித்து நகரத்துக்குள் நுழைந்ததும் திணறலாம். அப்போது பணமும் திரும்பாது. கதையை விடவும் மனம் வராது.

எனவே அதே போன்ற கம்ப்யூட்டர் வைத்து ஆடிய நண்பர் இருந்தால் அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "மூன்றாம் பகுதி எப்படி ஓடுகிறது?" அவர் சொல்லும் பதில் எந்த விளம்பரத்தையும்விட மேலானது.

ஆறுதலான செய்தியும் இருக்கிறது. சண்டை முறை வைத்து நடப்பதால், யோசித்து நிதானமாக ஆடலாம். படம் கொஞ்சம் மெதுவாக நகர்ந்தாலும் தோற்றுப்போக மாட்டீர்கள். படத்தின் தரத்தைக் குறைத்துக்கொள்ளவும், மெதுவான ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளவும் விளையாட்டிலேயே வசதி வைத்திருக்கிறார்கள்.

இறக்குமதிச் செலவு

இது சி.டி.யில் வரும் சரக்கு அல்ல. இணையத்தில் இறக்க வேண்டும். 100 ஜி.பி.யைத் தாண்டும். செல்போனில் தினம் 1.5 ஜி.பி. டேட்டாவை வைத்து இறக்கலாம் என்று நினைத்தால் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். வீட்டில் பிராட்பேண்ட் இல்லாதவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

விண்டோஸ் 7, விண்டோஸ் 8 உள்ள கம்ப்யூட்டர்களுக்கு ஸ்டீம் கடை 2024 ஜனவரி 1 முதல் ஆதரவை நிறுத்திவிட்டது.

"இனாமாகக் கிடைக்கிறது" என்று யாராவது பென் டிரைவில் கொண்டு வந்தால் வாங்காதீர்கள். அதே கம்ப்யூட்டரில்தான் உங்கள் பேங்க் கணக்கையும் பார்க்கிறீர்கள். வைரஸ் புகுந்தால் போவது 2,999 ரூபாயோடு நிற்காது.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால்

இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று ஐரோப்பாவில் முத்திரை பெற்ற விளையாட்டு. ரத்தமும் கோரமும் உண்டு. ஆபாசக் காட்சிகளும் உண்டு. ஆடையில்லாத உருவங்களை மறைக்கும் வசதி இருக்கிறது. ஒற்றை அறை வீட்டில் ஆடுகிறவர்கள் முதல் வேலையாக அதைப் போட்டுக்கொள்வது நல்லது. தமிழிலோ மற்ற இந்திய மொழிகளிலோ கிடையாது. பேச்சும் எழுத்தும் அதிகம். ஆங்கிலம் தடையில்லாமல் படிக்கத் தெரிந்தால்தான் கதை பிடிபடும்.

இன்னொரு வழி

கம்ப்யூட்டர் தாங்காது என்று தெரிந்தால் ஆசையை அடியோடு விட வேண்டியதில்லை. முதல் பாகத்தை 2012-லும், இரண்டாம் பாகத்தை 2013-லும் பீம்டாக் என்ற நிறுவனம் புதுப்பித்து வெளியிட்டது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் அவை நன்றாக ஓடும். விசேஷத் தள்ளுபடிக் காலங்களில் பாதி விலைக்கும் கீழே வந்திருக்கின்றன. முதல் பாகத்தில் வளர்த்த வீரனை அப்படியே இரண்டாம் பாகத்துக்கு அழைத்துப் போகலாம். இரண்டும் சேர்ந்தால் பல மாதத்து இரவுகளுக்குப் போதும்.

மூன்றாம் பாகத்தின் விலையும் குறையாமல் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு தள்ளிக் கொடுத்த சந்தர்ப்பங்கள் உண்டு. வெளிவந்த பிறகு தயாரிப்பாளர்கள் பல திருத்தங்களைச் செய்திருக்கிறார்கள். காத்திருந்தவனுக்கு இரண்டு லாபமும் கிடைக்கிறது.

முடிவாக என்ன செய்யலாம்?

குறைந்தபட்சத் தேவை எல்லாம் இருந்து, ராமோ எஸ்.எஸ்.டி.யோ மட்டும் குறைந்தால், அதைப் போட்டுக்கொண்டு, தள்ளுபடி வரும்போது வாங்கலாம்.

பிராசசர் சரியாக இருந்து கிராபிக்ஸ் கார்டு மட்டும் இல்லையென்றால், முதலில் பெட்டியைத் திறந்து பவர் சப்ளையில் எழுதியிருக்கும் வாட் கணக்கைப் பாருங்கள். பிறகு கடைக்காரரிடம் மொத்தச் செலவையும் எழுதி வாங்குங்கள். அந்தக் காகிதத்தை ஒரு வாரம் மேஜையில் வைத்திருந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிராசசரும் பழசு, கார்டும் இல்லை, டிஸ்க்கும் பழசு என்றால் இப்போது மூன்றாம் பாகம் வேண்டாம். பழைய இரண்டு பாகங்களையும் வாங்கி ஆடுங்கள். என்றோ ஒரு நாள் வீட்டுத் தேவைக்காகவே புதுக் கம்ப்யூட்டர் வாங்கத்தான் போகிறீர்கள். மூன்றாம் பாகம் அதுவரை எங்கும் ஓடிப்போகாது. அன்றைக்கு இன்னும் மலிவாகவே கிடைக்கும்.