தவிலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் கோடை விழா மாதிரி, திறந்தவெளியில் மேடை போட்டு ஒரு குழு வாசிக்கும்போது சத்தத்தைச் சமன்செய்ய முதலில் கை வைக்க வேண்டியது மிக்ஸரில் அல்ல, யார் எங்கே உட்காருவது என்பதில் என்பதே என் கட்சி. வெட்டவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். அரங்கத்துக்குள் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பியனுப்புவதால் இந்தக் கணக்குக் கலைந்துவிடும். மலைமேட்டில் பெரும்பாலும் பலிக்கும். பாடகரின் மைக்கிலிருந்து 1 மீட்டரில் இருக்கும் தவிலை 2 மீட்டருக்கு நகர்த்தினால், அந்த மைக்கில் புகும் தவிலோசை 6 டெசிபல் இறங்கும். வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருந்த மைக்கை 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் குரல் ஏறக்குறைய அதே அளவு ஏறும். ஆகக் குரலுக்கும் தவிலுக்கும் நடுவே 12 டெசிபல் ஆதாயம், காலணா செலவில்லாமல். சமபலத்தில் முழங்கும் இரண்டு தவில்களில் ஒன்றை அடியோடு நிறுத்தினாலும் குறைவது 3 டெசிபல்தான்.

மைக்செட்காரர் பார்த்துக்கொள்வார் என்பார்கள். அவர் குரலை ஏற்றினால் அதே மைக்கில் நுழைந்த தவிலும் கூடவே ஏறும். இன்னும் ஏற்றினால் ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குத் திரும்பி ஊளையிடும். அடக்கி வாசித்தால் தோல்வாத்தியத்தின் உயிரே போய்விடும் என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. மெதுவாகத் தட்டும்போது சத்தம் மட்டுமல்ல, நாதத்தின் குணமும் மாறுகிறது. அதனால்தான் கையைக் கட்டாமல் ஆளை நகர்த்தச் சொல்கிறேன். தவிலும் நாகஸ்வரமும் சேர்ந்து முழங்கும் பெரிய மேளத்தில் இந்தச் சிக்கல் எழாததற்குக் காரணம் நாகஸ்வரம். சீவாளியும் கூம்பிய குழலும் எழுப்பும் மேல்சுரங்கள், நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 2000–5000 ஹெர்ட்ஸ் பகுதியில் வலுவாக விழுவதால் அது தவிலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கோயில் வீதிக்கென்றே வளர்ந்த ஜோடி அது. அந்த இடத்தில் ஒரு மரக்கிட்டாரை உட்கார்த்திவிட்டுக் கேட்கவில்லையே என்று அலுத்துக்கொள்வது கிட்டாருக்குச் செய்யும் அநியாயம்.

மலையில் இன்னொரு தொல்லையும் உண்டு. பொழுது சாய்ந்து காற்று ஈரமானால் பறையின் தோல் தொய்ந்து ஓசை மந்தமாகும். வாசிப்பவர் தன்னையறியாமல் ஓங்கி அடிப்பார். நாலு மணி வெயிலில் பார்த்து வைத்த சமநிலை எட்டு மணிக்கு நிற்காது. அந்நேரம் மிக்ஸரைத் திருகுமுன், பறைக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுபோல் தோலைத் தீயில் காய்ச்சி முறுக்கேற்றிவிட்டு, ஒரு பாட்டை வாசித்துப் பார்த்து அளவுகளை மறுபடி வைக்க வேண்டும்.