துறைமுகத் தொழிலாளரும் மாலுமிகளும்: தொழிற்சங்கங்களின் வரலாறு

இந்தியாவின் அயல்நாட்டு வாணிபத்தில் பெரும்பகுதி கடல் வழியாகவே நடைபெறுகிறது. ஆயினும் அவ்வாணிபத்திற்கு உழைத்த துறைமுகத் தொழிலாளரும் மாலுமிகளும் நெடுங்காலம் நிலையான வேலையற்றவர்களாகவே இருந்தனர். இவர்களுடைய சங்கங்களின் வரலாற்றை ஊதிய உயர்வுக்கான போராட்டமாக மட்டும் கருதலாகாது. வேலை வழங்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை வினா.

அன்றாடக் கூலிமுறை

கப்பல்களின் வருகை ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு நாள் பல கப்பல்கள் ஒருங்கே வரும்; மறுநாள் வேலையே இராது. ஆகவே, தேவைக்கு மேற்பட்ட ஆட்கள் நாள்தோறும் துறைமுக வாயிலில் காத்து நிற்பது வேலை கொடுப்போருக்கு ஆதாயமாயிற்று. காத்திருப்பின் இழப்பு தொழிலாளியைச் சேர்ந்தது. அக்கூட்டத்திலிருந்து ஆட்களைப் பொறுக்கி எடுக்கும் அதிகாரம் பம்பாயில் டோலிவாலா எனப்பட்ட குழுத் தலைவரிடம் இருந்தது. கப்பல்களுக்கு மாலுமிகளைச் சேர்ப்பதில் செராங்குகளும் தரகர்களும் இதே நிலையில் இருந்தனர். கையூட்டும் கடன் சுமையும் இம்முறையின் இயல்பான விளைவுகள்.

சங்கங்களின் வளர்ச்சி

1920-இல் ஜெனோவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, மாலுமிகளுக்கு வேலை தேடித் தருவது இலாபத் தொழிலாக இருத்தல் கூடாது என்று உடன்படிக்கை செய்தது. இந்தியாவில் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் சங்கங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. துறைமுகத் தொழிலாளரைப் பதிவு செய்து அன்றாடக் கூலிமுறையைக் குறைக்க வேண்டுமென 1931-இல் ராயல் தொழிலாளர் கமிஷன் பரிந்துரைத்தது. 1939-இல் போர் மூண்டதும் பிரிட்டிஷ் துறைமுகங்களில் இந்திய மாலுமிகள் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தனர். பலர் சிறை சென்றனர்.

சட்டத்தின் பாதுகாப்பு

கமிஷனின் பரிந்துரை செயல்வடிவம் பெறப் பதினேழு ஆண்டுகள் ஆயின. 1948-ஆம் ஆண்டுத் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் 1951-இல் பம்பாய், கல்கத்தா துறைமுகங்களுக்கும் 1952-இல் சென்னைக்கும் திட்டங்கள் வகுக்கப்பட்டன. அரசு, வேலை கொடுப்போர், தொழிலாளர் ஆகிய முத்தரப்பினரும் அடங்கிய வாரியங்கள் அமைந்தன. பதிவு பெற்ற தொழிலாளிக்குச் சுழற்சி முறையில் வேலையும், வந்து வேலை கிடைக்காத நாளுக்கு வருகைப்படியும் உறுதியாயின. காத்திருப்பின் செலவு இவ்வாறு தொழிலின் செலவாக மாறியது. பம்பாயில் போக்குவரத்து, துறைமுகத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்திய பி. டிமெல்லோவின் பெயரை இன்றும் அந்நகரின் துறைமுகச் சாலை தாங்கி நிற்கிறது. 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம், வேலை தேடித் தருவதற்காக மாலுமியிடம் பணம் பெறுவதைத் தடை செய்தது.

மாறிய சூழ்நிலை

சரக்குப் பெட்டகங்களும் பளுதூக்கி எந்திரங்களும் பெருகியதால் சுமைப்பணிக்கு ஆட்தேவை வெகுவாகக் குறைந்தது. பெருந்துறைமுகங்களில் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தை விலக்கி, வாரியத் தொழிலாளரைத் துறைமுக நிர்வாகத்தின்கீழ் கொண்டுவர 1997-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. மாலுமிகளைப் பொறுத்தவரை, வேலைக்காக அவர்களிடம் கட்டணம் பெறலாகாது என்ற கோட்பாட்டை வலியுறுத்தும் 2006-ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது.

எந்திரங்களால் வேலையின் தன்மை மாறலாம். ஆனால் வேலை தேடுவோனின் வறுமையைப் பிறர் வருவாயாக்கிக் கொள்ளும் வாய்ப்பு மறைந்துவிடுவதில்லை. ஒப்பந்தத் தொழிலாளரைப் பயன்படுத்தும் துறைமுகமாயினும், முகவர் வழியே ஆள் சேர்க்கும் கப்பலாயினும், வெளிப்படையான பதிவேடும் அதனைக் கண்காணிக்கும் சங்கமும் இன்றும் இன்றியமையாதவை.